கோழியிடம் சொன்னவை

என் மனைவியின் அண்ணன் கோயில் கூட்டத்தில் பொய் சொன்னார்.

வைகாசிச் சடங்குக்கு வேலை பிரிக்கும் கூட்டம் அது. பந்தல் யார், தண்ணீர் யார், ஒலிபெருக்கி யார் என்று பேசி முடித்த பிறகு அவர் எழுந்து நின்றார்.

"என்ட அம்மாவப் பைத்தியமாக்கினது அந்த ஊட்டு மருமகன்தான். முறை தப்பி மாமியோட நேருக்கு நேர் கதைச்சிரிக்கான். அந்த நாளில இருந்து அவ கோழியோட பறைஞ்சிக்கிட்டுக் கிடக்கிறா. இனி அவவ அந்த ஊட்டில விட்டுவைக்க ஏலாது. சடங்கு முடிஞ்ச கையோட டவுனில இரிக்கிற முதியோர் இல்லத்தில கொண்டு விடப்போறன்."

நாற்பது ஐம்பது பேர் கேட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அவர் சொன்ன மருமகனான நானும் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பயந்து மூடவில்லை. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருகிறது. மச்சான் கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருந்தாலும், இந்தக் கோயிலில் அவருடைய தாயின் குடிக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு. நான் கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தவன். வேறு குடி. பதினெட்டு வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும், அவர்கள் தங்கள் குடிக்காரியைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பேச இடமில்லை. அதனால் எழுதுகிறேன். வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில், பழுகாமத்துக்குப் பக்கத்தில், உழவு இயந்திரமும் நீர் இறைக்கும் இயந்திரமும் திருத்துகிறவன் நான். நயமாகச் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்வேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஆண்பிள்ளையைச் சின்ன வயதிலிருந்தே "போற பிள்ள" என்பார்கள். சண்டை பிடித்தாலும் சொல்வார்கள், கொஞ்சினாலும் சொல்வார்கள். போன இடத்தில் மாமி இருப்பார். அந்த மாமி மருமகனோடு நேரே பேசமாட்டார். அவன் முன்னால் வரமாட்டார், அவன் இருக்கும் கதிரைக்கு எதிரே இருக்கமாட்டார். கேட்டால் மரியாதை என்பார்கள். இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் தளரவே இல்லை.

நான் வாவிக்கு அந்தப் பக்கம், குருக்கள்மடத்தில் பிறந்தவன். கல்யாணத்தன்று நான் புறப்பட்டபோது என் அம்மா முற்றத்து மூலையில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அம்மா, போயிட்டு வாறன்" என்றேன். "ம்" என்றாள். தலை நிமிரவில்லை. வீடு அக்காவுக்கு, அம்மா அக்காவோடு. எனக்கு அந்த முதுகுதான் கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை. அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அதற்கு முந்திய பன்னிரண்டு வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போன நாட்களைக் கை விரல்களால் எண்ணிவிடலாம். இரும்பு மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். இங்கே அதற்குப் பாதை என்று பெயர். பத்து நிமிடப் பயணம்.

மாமி வீட்டில் முதல் காலை. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வருகிறேன். குசினிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கோழி, அவரிட்டச் சொல்லுகா, தேத்தண்ணி ஆறப்போகுது."

சுற்றிப் பார்த்தேன். மனைவி இல்லை. வேறு யாரும் இல்லை. கழுத்தில் இறகில்லாத ஒரு கோழி மட்டும் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. உள்ளேயிருந்து என் புது மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அது உங்களுக்குத்தான். கோழியிட்டச் சொன்னா உங்களிட்டச் சொன்ன மாதிரி."

"கோழி சொல்லல்லயே."

"அது சொல்லும், நீங்க இன்னும் பழகல்ல."

அந்தக் கோழி செத்து வேறு கோழி வந்தது. அதுவும் செத்து இன்னொன்று வந்தது. சில நாள் பூனை, சில நாள் சுவர், மழை நாளில் தூணைப் பார்த்துச் சொல்வார். மீன் ஆக்கினால் நடுத்துண்டு எப்போதும் என் சோற்றுக் கோப்பையில்தான் இருக்கும். ஆக்கியவரின் முகத்தை மட்டும் நான் பார்க்க முடியாது. நான் விறாந்தைக்கு வந்தால் அவர் குசினிக்குப் போவார். நான் குசினிக்குப் போனால் அவர் கிணற்றடிக்குப் போவார்.

எனக்கு இது மரியாதையாகத் தெரியவில்லை. அவமானமாகத் தெரிந்தது. குருக்கள்மடத்தில் யாருக்கும் வேண்டாதவன் இங்கே வந்து ஒண்டியிருக்கிறான் என்று நினைக்கிறார், அதனால்தான் முகம் தரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மனைவியோடு எத்தனை சண்டை.

"நாயையும் இஞ்ச வா எண்டு நேரத்தான் கூப்பிடுறா உன்ட அம்மா. நான் நாயிலும் கீழயா?"

"நாய் மருமகன் இல்லயே."

"சிரிக்காத. அவக்கு என்னில வெறுப்பு."

"வெறுப்பிலயா நடுத்துண்டு போடுறா? எனக்கு வால் துண்டு. நான்தான் கோவிக்கணும்."

இப்படி அவள் சிரித்துச் சிரித்தே பதினாறு வருடத்தை ஓட்டினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மூன்று பேர்தான். நானும் மாமியும் இரண்டு பக்கம், நடுவில் அவள். பிறகு அவள் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். நடுவில் யாரும் இல்லை.

அப்போதுதான் போன் வந்தது. போனைக் குசினி மேசையில் சாய்த்து வைப்போம். மாமி அடுப்படியில், நான் வாசலில். எங்களுக்கு நடுவில் மூன்று அடி இருக்கும். மாமி போனைப் பார்த்துச் சொல்வார்: "புள்ள, அவரிட்டக் கேளு, நாளைக்கு இறால் வேணுமா எண்டு." மகள் குவைத்திலிருந்து என்னிடம் கேட்பாள்: "நாளைக்கு இறால் வேணுமா?" நான் போனிடம் சொல்வேன்: "வேணாம் எண்டு சொல்லு." அவள் தாயிடம் சொல்வாள்: "வேணாமாம்." ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் இஞ்ச அரபிட ஊட்டில வேல செய்யிறதா, உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? கையக் காட்டினா தொடுற தூரத்தில நிண்டுக்கிட்டு!"

மாமி போனைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு இடமிருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். இல்லை.

போன மாரிக்குப் பிறகு ஒரு காலையில் மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பாசி. நான் உள்ளே பட்டறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். பக்கவாட்டில் கிடந்தார், ஒரு கால் ஒரு மாதிரித் திரும்பியிருந்தது. பதினேழு, பதினெட்டு வருடத்தில் அவர் முகத்தை நான் அவ்வளவு கிட்டப் பார்த்தது அன்றுதான். வலியில் வாய் கோணியிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் கையைக் கீழே கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அப்போது, அந்த வலியில், கண்ணைத் திறக்காமல் அவர் சொன்னார்:

"கோழி, அவரிட்டச் சொல்லுகா, மெல்லத் தூக்கச் சொல்லி."

கோழி கிட்டக்கூட இல்லை. அது வேலிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, உயிர் போகிற வலி, அப்போதும் இந்த மனுசி என்னோடு நேரே பேசவில்லை. எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. வெறும் ஊர்ப்பழக்கத்துக்கு இவ்வளவு பலம் இருக்க முடியாது. பல்லிறுகிப்போன போல்ட் ஒன்றைத் திருப்பும்போது கைக்குத் தெரியும், இது துருவால் இறுகியதா, உள்ளே வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று. அன்றைக்கு முதன்முறையாக உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே தாதி கேட்டாள்: "நீங்க யாரு? மகனா?"

மருமகன் என்றால் பெண் யாரையாவது கூட்டிவா என்பார்கள், தாமதமாகும் என்று நினைத்து "ஓம் மிஸ்ஸி, மகன்தான்" என்றேன். மாமி தள்ளுவண்டியில் படுத்திருந்தார். கண் மூடியே இருந்தது. நான் அதைச் சொன்னதும் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியால் என்று நினைத்தேன்.

மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்தார். எழும்பி நடக்க முடியாது. கழுவித் துடைக்கக் காலையும் பின்னேரமும் பக்கத்து வீட்டு அக்கா வருவா. மற்ற நேரம் நான்தான். வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நடு அறையில் மாமியின் கட்டில். தலைமாட்டுப் பக்கம் ஒரு சீலையைக் குறுக்கே கட்டினோம். சீலைக்கு இந்தப் பக்கம் நான் சாக்கை விரித்து இயந்திரங்களைப் பிரித்தேன். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. மத்தியான வெயிலுக்குக் கோழி உள்ளே வந்து கட்டிலடியில் படுத்துக்கொள்ளும். மாமி அதோடு பேசுவார்.

முதலில் தண்ணீர், சோறு, மருந்துக் குளிசை. பிறகு பழைய கதை. எந்த வயல் வட்டையில் எந்த வருடம் வெள்ளம் ஏறியது, மாமா எப்படிச் செத்தார் என்றெல்லாம் வந்தது. நான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான் சாவியைக் கீழே வைத்தால் அவரும் நிறுத்துவார். நான் மறுபடி தட்டத் தொடங்கினால் அவரும் தொடங்குவார். அதைக் கண்டுபிடித்த பிறகு, திருத்தி முடித்த கார்பரேட்டரைக்கூட வேண்டுமென்று தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சொன்னார்: "கோழி, என்ட மகன் கல்யாணத்தண்டு அழுதவன்கா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் மாமி அழுதவர்?" என்று கேட்டுவிட்டேன். சீலையைப் பார்த்து, நேரே.

அன்றைக்கு அவர் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. பதினொரு நாள். கோழியோடும் இல்லை. குவைத்திலிருந்து மகள் கூப்பிட்டால் "ம்" என்பதோடு சரி. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக் கேட்டா: "என்ன தம்பி, மாமி ஊமையாகிட்டா?" நான் உள்ளதைச் சொன்னேன். அவ வாயில் கையை வைத்துக்கொண்டா. "ஐயோ, நேராவா கேட்டீங்க?" அவ போய்ச் சொன்னதுதான் ஊர் சுற்றி மச்சானின் காதுக்குப் போயிருக்கிறது. மச்சான் சொன்ன பொய்யில் உண்மை இவ்வளவுதான். ஒரு கேள்வி, நான்கு சொல் இல்லை.

அந்தப் பதினொரு நாளில் ஒன்று நடந்தது. கிளினிக் அட்டையைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது மனைவியின் பழைய கோப்பு ஒன்று கிடைத்தது. கல்யாணமான புதிதில் ஓர் அமைப்பு நடத்திய உளவளத்துணைப் பயிற்சிக்குப் போனாள். அங்கே கொடுத்த தாள்கள். மனம் பற்றி, நனவிலி பற்றி, பெரிய பெரிய சொற்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வீட்டில் சத்தமே இல்லை, அதனால் வாசித்தேன்.

ஒரு தாளில் இருந்ததை என் சொல்லில் சொல்கிறேன். ஒருவர் மேல் நமக்கு வரும் கோபம் எப்போதும் அவருக்கு உரியதாக இருக்காது. முன்னொரு காலத்தில் வேறு ஒருவரிடம் காட்ட முடியாமல் போன கோபம், பிறகு வசதியாகக் கிடைக்கிற ஆளிடம் போய் இறங்கும். இறக்குகிறவனுக்கே அது தெரியாது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் மனைவி எழுதியிருந்தாள்: "இது எங்கட அவர்தான்."

எனக்கு முகம் சுட்டது. பதினெட்டு வருடத்துக்கு முன் எழுதி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், வால் துண்டு என்று சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

என் பட்டறைக்கு வருகிறவர்களைப் பற்றி யோசித்தேன். காசு குறைத்துத் தருகிறவனோடு நான் பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை. இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முதுகைக் காட்டிப் போகிறவனைத்தான் துரத்திப் போய் ஏசியிருக்கிறேன். ஒருவனைச் சந்திவரை துரத்தினேன். அவன் பாவம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரமாகப் போனவன். என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பான். எனக்கு இப்போதுதான் தெரிகிறது, நான் துரத்தியது யாருடைய முதுகை என்று.

இன்னொரு தாளில் மருத்துவம் செய்யும் முறை இருந்தது. பேசுகிறவரைப் படுக்க வைப்பார்களாம். கேட்கிறவர் தலைமாட்டுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பாராம். முகம் தெரியாவிட்டால்தான் சொல்ல முடியாதது வெளியே வருமாம். அவசரப்பட்டு இடையில் கேட்டால் கதவு மூடிவிடுமாம். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கிச் சீலையைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்தேன். என் சாக்கைப் பார்த்தேன். தூரதேசத்தில் படித்தவர்கள் அறை கட்டிச் செய்வதை, ஒரு சீலையும் ஒரு கோழியும் எங்கள் வீட்டில் செய்துவைத்திருக்கின்றன. யாரும் திட்டமிடவில்லை. நான் எத்தனையோ இயந்திரங்களைத் திறந்து பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு வேலைப்பாட்டைக் கண்டதில்லை. ஒரு மனுசிக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல்லவும் முடியாது. உள்ளே எதுவோ ஒரு வழி தேடி, முறை என்று ஊர் வைத்த சட்டத்தையே எடுத்து அதற்குள் போய் இருந்துகொண்டிருக்கிறது. பதினெட்டு வருடம்.

பன்னிரண்டாம் நாள் நான் கோழியைப் பார்த்துச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"கோழி, மாமியிட்டச் சொல்லு, பிழை என்ட பக்கம்தான் எண்டு."

பிறகு உள்ளிருந்து:

"கோழி, அவரிட்டச் சொல்லுகா, உனக்கு இன்னும் தீன் போடல்ல எண்டு."

தீன் போட்டேன். சாக்கில் வந்து இருந்து தட்டத் தொடங்கினேன். மாமி அன்றைக்கே தொடங்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"கோழி, கேளுகா. அவன் வாசல் நிலையப் புடிச்சிக்கிட்டு நிண்டவன். பட்டு வேட்டி, மாலை எல்லாம் போட்டு நிண்டு, 'அம்மா, நான் போகல்ல' எண்டவன். இருவத்தேழு வயசு ஆம்பிள. ஆக்கள் சிரிச்சாங்க. அவன் போற ஊட்டில மாமிகூட இல்ல, அவ செத்துப்போனவ. ஆக்கிப்போட ஒரு தாய் இல்லாத ஊட்டுக்கு என்ட பிள்ளைய அனுப்பினன். நான் அவனப் பாக்கல்ல. பார்த்தா விடமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். சுளக எடுத்துப் புடைச்சன். சுளகில அரிசி இல்லகா. வெறுஞ் சுளகு. அவன் படலையத் தாண்டுமட்டும் வெறுஞ் சுளகப் புடைச்சிக்கிட்டு இரிந்தன்."

நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

"மறுகா ரெண்டு வரிசத்தால அதே வாசலால இன்னொருத்தி பெத்த பிள்ள வாறார். என்ட பிள்ளையப் போ எண்ட வாசல். அவன் இரிந்த கதிரையில இரிக்கிறார். நான் என்னெண்டு முகம் குடுப்பன்? பார்த்தா அவன்ட முகம் தெரியுது. சோறு போட்டா அவன் அங்க என்ன திண்டானோ எண்டு வருது. நல்ல துண்டாப் பார்த்து இவருக்குப் போட்டன், அவனுக்குப் போடுற மாதிரி. ஊர் சொல்லிச்சு, இவவப் போல மருமகனுக்கு மரியாத குடுக்கிறவ இல்ல எண்டு. நல்லதாப் போச்சி எண்டு நானும் இரிந்திட்டன். ஆஸ்பத்திரியில இவர் மகன் எண்டு சொன்னார்கா. எனக்கு அது காணும்."

நான் எழும்பி வெளியே போனேன். கிணற்றடியில் நின்றேன்.

வெறுப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. பதினெட்டு வருடமாக நான் தின்ற நடுத்துண்டு வேறு ஒருவனுக்குப் போட்டது. அந்தத் தாயின் துக்கம் என் கோப்பைக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதைத் தின்றுகொண்டே அவமானம் அவமானம் என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அழுகையா, சிரிப்பா, என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பெரிய வெள்ளம் வடிந்த காலையில் வயலுக்குப் போய், நேற்றுவரை வாவி என்று நினைத்த இடத்தில் தன் வரம்பு இருப்பதைப் பார்க்கிறவன் போல நின்றேன்.

பிறகு அம்மா வந்தாள். குருக்கள்மடத்து முற்றம், மூலை, குந்தியிருந்த முதுகு, சட்டி. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டிக்குள் பார்க்க முயன்றேன். தண்ணீர் தெரிந்தது. அம்மாவின் கை தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது. அதில் மீன் இருந்ததா? கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் யார் மீன் கழுவுவார்கள்? அன்றைக்கு வீட்டில் மரக்கறி. பதினெட்டு வருடமாக நான் மீன் என்று சொல்லி வருகிறேன், மீனை ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை.

அம்மாவிடம் இனிக் கேட்க முடியாது. பத்து நிமிடப் பாதைப் பயணம், பன்னிரண்டு வருடம் இருந்தது, போய்க் கேட்கவில்லை. இதற்கு யாரைக் குற்றம் சொல்ல? என்னைத்தான்.

இனி மச்சான். அவர் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருவார். படலைக்கு, வேலிக் கதவுக்கு, வெளியே நிற்பார், எஞ்சினை நிறுத்தமாட்டார். தாய் விழுந்த பிறகும் அப்படித்தான். வாழைப்பழமோ பிஸ்கட்டோ படலைக்கு மேலால் தருவார். வாசலைத் தாண்டி அவர் உள்ளே வந்ததை நான் பார்த்ததில்லை. பெரிய ஆள் என்ற மிடுக்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். மாமி சொன்னதைக் கேட்ட பிறகு வந்த சனிக்கிழமை நான் சொன்னேன்:

"உள்ள வாங்க மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இது நான் பிறந்த ஊடு. நீ என்ன விருந்தாளியாக் கூப்பிடுறியா?"

"பின்ன ஊட்டுக்காரனா வாங்களன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல." அப்போது உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. மச்சான் காதைக் கொடுத்தார். "ஆரோட பறையிறா? உள்ள ஆரு இரிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல. கோழியோட."

"கோழியோடயா? நீ இஞ்ச நிக்கிறாய், அங்க அவ கோழியோட கதைக்கிறாவா?"

"நான் உள்ள இரிக்கிறன் எண்டு நினைச்சிப் பறையிறா. அது எனக்குச் சொல்லுறதுதான்."

"உனக்கா? அப்ப ஊர் சொல்லுறது சரிதானே. முறை தப்பித்தான் கதைக்கிறீங்க."

கோழியோடு பேசினால் பைத்தியம், என்னோடு பேசினால் முறைகேடு. எப்படிப் போனாலும் அவர் நினைத்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். மாமி இல்லாத வீட்டில் மருமகனாக இருந்தவருக்குக் கோழிப் பேச்சு பழக்கமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். என்னோடு பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் வாசல் நிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதுக்குக் கிட்டிய மனுசன் ஒரு மரத்தை அப்படிப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஏசிக்கொண்டே பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பிரமிப்புத்தான் வந்தது. இருபது வருடமாக இவர் அந்த நிலையை விடவில்லை என்று பட்டது.

கோபம் அடுத்த கிழமை கூட்டத்தில் வந்தது. இன்றுவரை போகவில்லை. ஏனென்றால் அவர் அறிவித்ததைப் பக்கத்து வீட்டு அக்கா மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டா. நான் மச்சானை ஏசிக்கொண்டு இயந்திரத்தைத் தட்டினேன். மாமி அமைதியாகச் சொன்னார்:

"கோழி, அவரிட்டச் சொல்லுகா, மகனோட சண்ட புடிக்க வேணாம் எண்டு. அவன் போகச் சொன்னா நான் போவன். நான் போகச் சொன்ன இடத்துக்கு அவன் போனவன்தானே."

இதுதான் விசயம். அந்த மனுசி முதியோர் இல்லத்துக்குப் போவதற்குச் சம்மதித்துவிட்டார். தன் வீட்டை, தன் கிணற்றை, மகளை எல்லாம் விட்டுப் போவதைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டுவிட்டார். மனைவிக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம். "அம்மாவ விட்டிராதீங்க" என்று போனில் அழுகிறாள். அண்ணன் அவளுடைய அழைப்பை எடுக்கிறார் இல்லை. சடங்குக்கு இன்னும் மூன்று கிழமை.

மச்சான், நான் உங்களைப் பற்றி நினைப்பது பிழையாக இருக்கலாம். அந்தத் தாள்களில் இதையும் எழுதியிருந்தார்கள்: அடுத்தவன் மனதைப் பற்றி நாம் கண்டுபிடித்தது, அவன் வாயால் சொல்லும்வரை வெறும் ஊகம். நான் மாமியைப் பற்றிப் பதினெட்டு வருடம் ஊகித்தேன், அவ்வளவும் பிழை. அதனால் உங்களை ஊகிக்க விரும்பவில்லை. கேட்கிறேன்.

சடங்குக்கு முன்னால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதே கோயில், அதே ஆட்கள். எனக்குப் பேச இடம் இல்லாவிட்டாலும் இந்தத் தாளை வண்ணக்கர் கையில் கொடுப்பேன், கோயிலை நடத்துகிறவர் அவர், அவர் வாசிக்கட்டும். நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். படலைக்கு வெளியே நின்று எஞ்சின் சத்தத்தோடு எனக்குச் சொல்வது பதில் இல்லை. உங்கள் குடிக்காரர் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் தாய்க்குப் பைத்தியம் என்பதால் அவரை அனுப்புகிறீர்களா, அல்லது அன்றைக்கு அவர் உங்களை அனுப்பினார் என்பதாலா?